எட்டாம் நம்பரைப் பாருங்கள்

ஈப்போ
14.1.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் மாரியம்மா எழுதுவது. நானும் முத்தம்மா அத்தையும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால் இன்னும் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

இன்று பொங்கல். ரப்பர் தோட்டத்துக்குப் போய் அத்தை கையால் சாப்பிட்டுவிட்டு, செமோரில் பஸ் பிடித்து ஈப்போவுக்குத் திரும்பிவிட்டேன். நாளைக் காலை தையல் ஃபேக்டரியில் வேலை இருக்கிறது.

நின்றுகொண்டு படிக்கிறீர்களென்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள் அப்பா. நாட்டின் பெண்கள் காற்பந்து அணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று வருடம் பேராக் மாநிலத்துக்கு ஆடியதற்கு இப்போதுதான் பலன் கிடைத்தது. நடுத்திடல் ஆட்டக்காரி. நீங்கள் தோட்டத்து அணியில் நின்ற அதே இடம்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று நான் பந்து பொறுக்குவேனே, ஞாபகம் இருக்கிறதா? "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்னா வேல, வீட்டுக்கு ஓடு" என்று விரட்டுவீர்கள். பேப்பர்காரர்கள் கேட்டால், அப்பா விரட்டித்தான் ஓடக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லப்போகிறேன்.

சட்டை கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் எட்டாம் நம்பர். உங்கள் நம்பர். நான் கேட்டு வாங்கவில்லை. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

வருகிற மே மாதத்தோடு நீங்கள் போய் ஒன்பது வருடம். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்கு இனி வேலை பெர்மிட் கிடையாது என்றதும், அம்மா இல்லாத என்னை அத்தையிடம் விட்டுவிட்டு, "ஒரே வருசம், வந்துர்றேன்" என்று கப்பல் ஏறினீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை.

உங்கள் மகள்
மாரியம்மா


சீத்தப்பட்டி, முசிறி தாலுகா
6.2.1979

கண்ணான மகள் மாரிக்கு,

அப்பா சன்னாசி ஆசீர்வாதம். இருமல் போய்விட்டது. நீ கேட்ட மரியாதைக்காகவே போய்விட்டது. முத்தம்மாவின் முதுகு வலியை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். என் மகள் மலேசியா நாட்டுக்கே பந்து ஆடப்போகிறாள் என்றேன். "மலேயாக்காரரு காலங்காத்தாலயே அளக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரிக்கிறார்கள். இங்கே எனக்கு அதுதான் பெயர். பிறந்த ஊரில் மலேயாக்காரன், அங்கே இந்தியா ஊர்க்காரன். எங்கே போனாலும் நான் அடுத்த வீட்டுக்காரன்தான்.

எட்டாம் நம்பர் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைப் பத்துத் தடவை படித்தேன். நம்பர் என்பது சாமானியமில்லை தாயி. முப்பது வருஷம் ஆள் எண்ணும் விடியற்காலைப் பெரட்டில் வரிசை கட்டி நின்றிருக்கிறேன். கணக்கெழுதும் கிராணி ஒரு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நம்பரைத்தான் கூப்பிடுவார். ஒருவன் நம்பரை இன்னொருவனுக்குத் தர மாட்டார்கள். பந்தாட்டத்திலும் அப்படித்தான். நான் காய்ச்சலில் படுத்த அன்றைக்கு என் இடத்தில் ராமையா இறங்கினான். பதினைந்தாம் நம்பர் போட்டுக்கொண்டுதான் ஆடினான். எட்டு கயிற்றில் தொங்கியது.

அந்த நம்பர் உன்னிடம் வந்துவிட்டது. விட்டுவிடாதே.

அடுத்த தைப்பூசத்துக்கு அங்கே இருப்பேன். விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் கண் எரியாது.

அப்பா
சன்னாசி


கோலாலம்பூர்
3.6.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக வலிக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஃபேக்டரியில் லீவு கொடுத்துவிட்டார்கள். இங்கே முகாமில் என்னோடு ஒரே அறையில் ஜெய்னம்பு என்று ஒரு பெண். பாகான் செராய்க்காரி, அவளுடைய வாப்பா அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அவளும் நடுத்திடல்தான். இரண்டு பேரும் கறுப்பு, இரண்டு பேரும் ஒல்லி, ஒரே மாதிரி இரட்டைச் சடை. மேனேஜர் என்னை ஜெய்னம்பு என்பார், அவளை மாரி என்பார். திருத்தித் திருத்தி அலுத்துப்போய்விட்டோம்.

நடுவில் ஆடுகிறவளுக்குப் பேர் கிடைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? பின்னாலிருந்து வாங்கி முன்னால் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். கோல் போடுகிறவளைத் தோளில் தூக்குகிறார்கள். ஆனால் என் காலில் படாமல் எந்தப் பந்தும் முன்னால் போகாது, அது போதும்.

இப்போது கேளுங்கள். ஆகஸ்டில் எங்கள் அணி இந்தியாவுக்கு வருகிறது. கல்கத்தா, பெங்களூர், கடைசியாக மெட்ராஸ். மெட்ராஸில் ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி ஆட்டம்.

முசிறியிலிருந்து மெட்ராஸ் தூரம்தான். ஈப்போவை விடக் கிட்டம் அப்பா. வருவீர்களா?

உங்கள் மகள்
மாரியம்மா


சீத்தப்பட்டி
27.6.1979

கண்ணான மகள் மாரிக்கு,

சுகம். சுகத்துக்கு மேல் சுகம். வருவீர்களா என்று ஒரு கேள்வி கேட்டாயே, அதற்கு உன்னை அடிக்கலாம். தவழ்ந்தாவது வருவேன்.

திருச்சி போய் அங்கிருந்து மெட்ராஸ் பஸ். எல்லாம் விசாரித்துவிட்டேன். டீக்கடைப் பழனியப்பன் பையனுக்கு மெட்ராஸ் அத்துப்படி, எந்தப் பஸ், எந்த இறக்கம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறான். தோட்டத்தில் பைனல் ஆட்டத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதைத்தான் போட்டு வருவேன்.

ஒரே ஒரு பயம். உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது? நீ அனுப்பிய போட்டோவில் பள்ளிக்கூடச் சட்டையில் இருக்கிறாய். அதுவும் நாலு வருஷத்துப் போட்டோ. பெத்த மகளை அடையாளம் கேட்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சாப்பிட என்ன கொண்டு வரட்டும்? முறுக்கு நொறுங்கிவிடும். பொரிவிளங்காய் உருண்டை செய்யச் சொல்கிறேன். கல் மாதிரி இருக்கும், பத்திரமாக வந்து சேரும்.

அப்பா
சன்னாசி


சுங்கை ரெங்காஸ் தோட்டம், செமோர்
15.7.1979

மாரிக்கு அத்தை எழுதுறது.

நல்லா இருக்கேன், முதுகு வலிதான் போக மாட்டேங்குது. எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும், சிரிக்காத. நீ கோலாலம்பூர்ல வேளைக்குச் சாப்புடுறியா, இல்ல பந்தக் கட்டிக்கிட்டே தூங்குறியா?

அண்ணே எனக்கும் கடுதாசி போட்டிருக்கு. மெட்ராஸ் போறத ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கு. நான் ஒன்னு சொல்றேன், மனசுல வச்சுக்க. ஒன்பது வருசமா தைப்பூசத்துக்கு வாரேன், தைப்பூசத்துக்கு வாரேன்னு ஒனக்கு எழுதுதுல்ல? விசா ரெண்டு தடவ கேட்டுச்சு, ரெண்டு தடவையும் இல்லேன்னுட்டாங்க. ஒன்கிட்ட சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு. இப்ப சொல்லிட்டேன். சாமி என்னைய மன்னிக்கட்டும்.

அது இனிமே இங்க வராதுலா மாரி. நீயும் சம்பளத்துல மிச்சம் புடிச்சு எந்தக் காலத்துல அங்க போவ? இந்த ஒரு ஆட்டந்தான். கண்ணு குளிர ஒன்னப் பாத்துட்டுப் போகட்டும். ஆட்டத்துல அழுதுறாத, பந்து தெரியாது.

ஒன்னோட பழைய சாரோங் ரெண்டு தொவச்சு வச்சிருக்கேன். வந்து எடுத்துக்க.

அத்தை
முத்தம்மா


கோலாலம்பூர்
30.7.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் இன்னும் நாலு வாரத்தில் நேரிலேயே தெரிந்துவிடும். அதை நினைத்தால் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அடையாளம் கேட்டீர்களே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் முகத்தைத் தேட வேண்டாம். மஞ்சள் சட்டையில் எட்டாம் நம்பரைப் பாருங்கள். அதுதான் நான்.

ஆட்டம் முடிந்ததும் பெரிய வாசலுக்கு வாருங்கள். உடனே பஸ் ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆனாலும் கால் மணி நேரம் கிடைக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் என்ன பேசுவது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது பக்கம் வந்துவிட்டது.

விசாவைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன். நீங்கள் வந்தால் போதும்.

உங்கள் மகள்
மாரியம்மா


கோலாலம்பூர்
29.8.1979

அன்புள்ள அத்தைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். காலைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. உங்கள் முதுகு எப்படி? நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன்.

பெங்களூரில் கால் பிரண்டுவிட்டது அத்தை. கணுக்கால் வீங்கிப்போனது. இரண்டு ஜோடி காலுறை போட்டு மறைத்துவிட்டேன். மெட்ராஸில் காலைப் பயிற்சியின்போது கோச் பார்த்துவிட்டார். ஒன்பது வருடம் கழித்து அப்பா வருகிறார், பத்து நிமிடம் மட்டும் விடுங்கள் என்று அழுதேன். இந்தக் காலோடு பத்து நிமிடம் ஆடினால் பத்து மாதம் உட்கார வேண்டியிருக்கும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

என் கண் முன்னாலேயே எட்டாம் நம்பர் சட்டையை எடுத்து ஜெய்னம்புவிடம் கொடுத்தார். இங்கே நம்பர் ஆளுக்கு இல்லை, இடத்துக்குத்தான். யார் நடுவில் இறங்குகிறாரோ அவருக்கு எட்டு. எனக்கு நம்பர் இல்லாத வெள்ளைச் சட்டையும், தண்ணீர் வாளியும், துண்டும் தந்தார்கள். காலுக்கு அழுதேனே தவிர, அப்பாவுக்கு என்ன எழுதினோம் என்று யோசிக்கவில்லை. விசில் ஊதிய பிறகுதான் ஞாபகம் வந்தது. எட்டாம் நம்பரைப் பாருங்கள் என்று எழுதியவள் நான்தானே.

ஜனங்கள் உட்கார்ந்த காலரி திடலுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் பெஞ்சில். எல்லாரும் வெள்ளைச் சட்டை. எல்லாரும் அப்பா மாதிரியே இருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் ஜெய்னம்பு காலரிக்குப் பக்கத்தில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் காலைக் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவு பக்கத்தில் போயும் தலையை ஒரு தடவை தூக்கிப் பார்க்கவில்லை அத்தை. காயத்தைத்தான் பார்த்தேன். தலையைத் தூக்கியிருக்கலாம்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும்போது ஜெய்னம்பு சாதாரணமாகச் சொன்னாள். "அந்தப் பக்கம் ஒரு பெரியவரு, மாரி மாரின்னு கத்திக்கிட்டே இருந்தாருலா. நம்ம ஊருப் பேச்சு மாதிரி இருந்துச்சு. ஒனக்குத் தெரிஞ்சவரு போலன்னு நானும் கையாட்டிட்டேன்."

வெறுங்காலோடு ஓடினேன். காலரியில் கடலைக் காகிதம்தான் கிடந்தது. கூட்டம் அதிகம் என்று பஸ்ஸைப் பின்வாசலுக்குத் திருப்பிவிட்டார்கள். பெரிய வாசலுக்குப் போக விடவில்லை. மேனேஜர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்.

ஒன்பது பக்க நோட்டு பைக்குள் அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மாரியம்மா


சீத்தப்பட்டி
2.9.1979

என் தங்கமான மகள் மாரிக்கு,

உன்னைக் கண்ணாரப் பார்த்துவிட்டேன். இனி எனக்கு உடம்பைப் பற்றி என்ன விசாரணை? நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா?

காலையிலேயே போய் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வரிசையாக இறங்கினீர்கள். மஞ்சள் சட்டையில் எட்டைப் பார்த்ததும் எனக்குக் கண் மறைத்துவிட்டது. எவ்வளவு வளர்ந்துவிட்டாய்! நடை அப்படியே உன் அம்மா. பந்தை நான் பார்க்கவே இல்லை. யார் ஜெயித்தார்கள் என்று யாரோ கேட்டான், தெரியாது என்றேன். தொண்ணூறு நிமிஷமும் எட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாரி!" என்று கத்தினேனே, திரும்பிக் கையாட்டினாயே! பக்கத்தில் இருந்தவனிடம் எட்டாம் நம்பர் என் மகள் என்று அதுவரை பத்துத் தடவை சொல்லியிருந்தேன். அவன் நம்பவில்லை. நீ கையாட்டியதும் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டுக் கடலை வாங்கிக் கொடுத்தான்.

வாசலில் போலீஸ்காரர் விடவில்லை. பஸ் வேறு வழியாகப் போய்விட்டது என்றார்கள். உருண்டையை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். பரவாயில்லை.

உன்னிடம் ஒன்று மறைத்தேன். விசா கேட்டேன், இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். முன்னே சொல்ல மனசு வரவில்லை. இப்போது சொல்ல வருத்தமில்லை. தைப்பூசத்துக்கு வராவிட்டால் என்ன, பார்த்துவிட்டேனே. இனிமேல் கண்ணை மூடினாலும் ஒரு குறையும் இல்லை.

நீ விழுந்தபோது உயிரே போய்விட்டது. முழங்கால் ஆறிவிட்டதா? அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததே, அது யார்? ஒரு காலை இழுத்து இழுத்து ஓடி வந்தது. அதன் கால் வலியை விட்டுவிட்டு உன் காலைக் கழுவியது. குனிந்தே இருந்ததால் முகம் தெரியவில்லை. யார் பெத்த பிள்ளையோ, இந்தக் காலோடு ஓடுகிறதே என்று எழுந்தே நின்றுவிட்டேன். புளியும் கல்லுப்பும் கரைத்துக் காய்ச்சி, பொறுக்கிற சூட்டில் மூன்று நாள் பற்றுப் போடச் சொல். நான் விசாரித்ததாகச் சொல்.

அப்பா
சன்னாசி


சுங்கை ரெங்காஸ் தோட்டம்
30.9.1979

மாரிக்கு,

சுகந்தான். பால் மரமெல்லாம் மழையில நனஞ்சு கெடக்கு, வேல இல்ல. ஒன் காலு வீக்கம் வத்திருச்சா?

நீ அனுப்புன அண்ணே கடுதாசியப் படிச்சேன். படிச்சிட்டு அடுப்புல சோத்தக் கருக்கிட்டேன்.

என்னா எழுதட்டும்னு என்னையக் கேக்குற. உண்மைய எழுதுனா, அண்ணே மெட்ராசு போனது, கத்துனது, கடலை தின்னது எல்லாம் இல்லாமப் போயிரும். எழுதலேன்னா, அப்பா நம்மளப் பாக்கலங்கிறது ஒனக்கு மட்டுந்தான் தெரியும். காலத்துக்கும் நீ தனியாத் தூக்கிக்கிட்டுத் திரியணும். ரெண்டுல எது லேசுன்னு என்னால சொல்ல முடியலம்மா. நான் மூணாங்கிளாஸ்தான் படிச்சேன்.

ஆனா ஒன்னு. அண்ணே ஒன்னப் பாக்கலேன்னு நீ சொல்றியே, அது சரியான்னு அந்தக் கடுதாசியோட கடைசிய இன்னொரு தடவ படி.

அத்தை
முத்தம்மா


சீத்தப்பட்டி
21.10.1979

கண்ணான மகள் மாரிக்கு,

அப்பா நலம். இருமல் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, பயப்படும்படி இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

கடிதம் இல்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததும் சைக்கிளிலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார். கோபமா தாயி? அத்தனை பேர் முன்னால் பட்டிக்காட்டான் மாதிரிப் பேர் சொல்லிக் கத்தி மானத்தை வாங்கிவிட்டேனா? தோட்டத்துத் திடல் ஞாபகத்தில் கத்திவிட்டேன்.

ஒரு வரி போடு. முழங்கால் ஆறியதா என்று மட்டும் எழுது. அந்தப் பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது? பற்றுப் போட்டதா?

அப்பா
சன்னாசி


ஈப்போ
11.11.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இவ்வளவு நாள் எழுதாமல் உங்களைத் தபால்காரருக்காகக் காக்க வைத்ததற்கு என்னை மன்னியுங்கள். இருமலுக்கு டாக்டரிடம் போங்கள். திரும்பி வந்திருக்கிறது என்று நீங்களே எழுதினால் அது கொஞ்சமாக இருக்காது.

கோபமில்லை அப்பா. நீங்கள் கத்தியது மானக்கேடும் இல்லை. எட்டாம் நம்பருக்கு நன்றாகக் கேட்டதாம். இன்னும் கத்தியிருக்க வேண்டும் நீங்கள். திடலுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்படி கத்தியிருக்க வேண்டும்.

முழங்கால் ஆறிவிட்டது. தழும்புகூட இல்லை. எட்டாம் நம்பர் அன்றைக்கு நன்றாக ஆடியதாகக் கோச்சும் சொன்னார். நாங்கள் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தோம். யாராவது கேட்டால் சொல்வதற்காக எழுதுகிறேன்.

வாளி தூக்கி வந்த பிள்ளையைக் கேட்டிருந்தீர்கள். அவளும் நடுத்திடல்தான். செமோர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பெங்களூரில் கால் பிரண்டுவிட்டதால் அன்றைக்கு ஆட முடியவில்லை. நீங்கள் சொன்னபடியே புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டாள். மூன்றாம் நாள் வீக்கம் வற்றிவிட்டது. போன வாரம் மறுபடி பந்து தொட்டுவிட்டாள். தை மாதம் சிங்கப்பூரில் ஆட்டம் இருக்கிறது. அதில் அவள் இறங்குவாள், என்ன நம்பர் என்று தெரியாது.

உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி எழுதியிருந்த இடத்தை அவள் படித்தாள். பலமுறை படித்தாள். அவளுடைய அப்பா தூரத்தில் இருக்கிறார். இந்தக் காலோடு ஓடுகிறதே என்று அன்றைக்கு அவளுக்காக எழுந்து நின்றவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். தலையைத் தூக்கிப் பார்க்காமல் போய்விட்டேன், அவரிடம் சொல்லு என்றாள்.

அத்தை சுகம், முதுகு வலி கொஞ்சம் தேவலை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். என்னை விசாரித்து எழுதுகிறீர்களே, அதோடு கூட அவளையும் ஒரு வரி விசாரியுங்கள் அப்பா. ஒவ்வொரு கடிதத்திலும்.

உங்கள் மகள்
மாரியம்மா